வெள்ளைப் பக்கம்

நெட்டைக்கு வெள்ளைச் சீருடை கிடைத்த அன்று விடியலிலிருந்தே மழை. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் பின்கட்டில், கொதிகலன் அறையை ஒட்டி இருந்தது. வாசலிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் முழுக்க நனைந்துவிடலாம். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வந்து நின்றவளிடம் மேனேஜர் மடிப்புக் கலையாத சீருடை ஒன்றை நீட்டி, சீக்கிரம் மாற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகச் சொன்னார். அவளோடு இன்னும் மூன்று பேருக்கும் அதே மாதிரி கொடுத்தார்.

அந்தப் பக்கம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம். சலவைக்கூடத்தை ஒரு சுவர் குறுக்கே பிரித்திருந்தது. ஆறு பெரிய இயந்திரங்களை அந்தச் சுவருக்குள்ளேயே பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. வார்டுகளிலிருந்து வரும் துணியை இந்தப் பக்கம் போடுவார்கள். வெந்து, சுழன்று, அலசி வந்ததை அந்தப் பக்கம் எடுப்பார்கள். கிருமி தாண்டக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியது. போடுகிற இடத்துக்கு அழுக்குப் பக்கம் என்று பேர், எடுக்கிற இடத்துக்கு வெள்ளைப் பக்கம். இரண்டுக்கும் வாசல் வேறு, வருகைப் பதிவேடு வேறு, டீ வாளிகூட வேறு.

அழுக்குப் பக்கத்தில் பதினோரு பேர். பதினோரு பேரும் வந்தவங்க. வெள்ளைப் பக்கத்தில் பதினாலு பேர், அதில் வந்தவங்க ஒருத்தர்கூட இல்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை.

வந்தவங்க என்று நாங்கள்தான் அவர்களைச் சொல்வோம். நாங்கள் என்றால் ஊர்க்காரர்கள். நாலு தலைமுறைக்கு முந்தி ரயில் பாதை போட அவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பாதை போட்டு முடிந்தது. திருப்பி அனுப்பக் கப்பல் வரவில்லை. நிறமும் தலைமுடியும் வேறு, வீட்டுக்குள் பேசுகிற பாஷை வேறு. நூறு வருஷத்துக்கு மேல் இங்கேயே பிறந்து, இங்கேயே செத்தும், அவர்கள் வந்தவங்களாகவே இருந்தார்கள். நான் ஊர்க்காரி. வாடகை குறைவு என்று வந்தவங்க குடியிருப்பில் நெட்டையின் வீட்டு மாடியில் இருந்தேன். அதே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. அதனால் கீழ் வீட்டில் நடந்ததும் ஆஸ்பத்திரியில் நடந்ததும் எனக்குத் தெரியும். கொஞ்சம் நான் செய்ததும் உண்டு.

அதற்கு முந்தின வருஷம் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. அரசு நடத்துகிற எந்த இடமாக இருந்தாலும், எந்தப் பிரிவில் எந்தச் சனம் எத்தனை பேர், யாருக்கு வேலை நிரந்தரம், யாருக்குப் பதவி உயர்வு என்று பேர் போட்டுச் சமவாய்ப்பு ஆணையத்துக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு அங்கிருந்து அதிகாரி வந்து நேரில் பார்ப்பார். சலவைக்கூடத்துப் பட்டியலை மேனேஜர் என் மேஜையில் வைத்தபோது, அழுக்குப் பக்கத்திலிருந்து நாலு பேரைப் பென்சிலால் அடித்து, வெள்ளைப் பக்கத்தில் எழுதியிருந்தார். இவர்களை மாற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். மாற்றப்போகிறோம், நீ டைப் அடி என்றார். அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். சட்டத்துக்கு மேனேஜர் கண்டுபிடித்த வழி அதுதான். அதிகாரி வரும் ஒரு நாளைக்கு மட்டும் நாலு பேர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றால் போதும்.

நெட்டை அங்கே போய் நின்றாள். அவள் பேருக்கேற்ற உயரம். நாற்பது வயது. அழுக்குப் பக்கத்தில் பதினேழு வருஷம். பை பையாக வரும் துணியைக் கொட்டிப் பிரிக்கிற வேலை. விரிப்பு தனி, நோயாளிச் சட்டை தனி, ஆபரேஷன் துணி தனி. ரத்தமும் மலமும் வாந்தியும் இல்லாமல் ஒரு பை வராது. ஒரு தடவை பல் செட்டு வந்தது, ஒரு தடவை யாரோ ஒளித்துவைத்த பாதி ரொட்டி. வாடை மூக்கில் தங்கிவிடும் என்பதால் அவள் வீட்டில் சாப்பிடும்போது வெங்காயத்தைக் கசக்கி மோந்துவிட்டுத்தான் உட்காருவாள்.

வெள்ளைப் பக்கத்தில் முதலில் அவள் பார்த்தது வெளிச்சத்தை. மழை நாளிலும் அங்கே விளக்குப் போடவில்லை. பெரிய உருளை இஸ்திரி இயந்திரம் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஈரவிரிப்பை இரண்டு பேர் முனை பிடித்து உள்ளே விட, மறுபுறம் சுடச்சுட, சுருக்கமே இல்லாமல் வந்து விழுந்தது. அதை மடிக்க நீளமான மேஜை. வெந்த பருத்தியின் மணம். உருளை இயந்திரத்தின் தலைமாட்டில் நின்றவளை எல்லாரும் ரோலரம்மா என்று கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருஷ வேலைக்காரி. இந்த நாலு பேரையும் பார்த்துவிட்டு மேஜையின் கடைசி மூலையைக் கையால் காட்டினாள்.

பதினோரு மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மாள், தோளில் பை, குடை நுனியிலிருந்து தண்ணீர். எண்ணினார், எழுதினார். நெட்டையின் முன்னால் நின்று, வேலை பழகிடுச்சா என்று கேட்டார். பக்கத்தில் மேனேஜர் நெளிந்தார்.

"பழகிடும் மேடம்" என்றாள் நெட்டை.

மூன்று மணிக்கு அதிகாரியின் வண்டி கிளம்பியது. உடனே மேனேஜர் வந்து, சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போகச் சொன்னார். மூன்று பேர் போனார்கள். நெட்டை கையில் இருந்த விரிப்பை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் மடித்தாள். மேனேஜர் காது கேட்கவில்லையா என்றார்.

"கேட்டுச்சு சார். என் இடம் இதுதான்."

அவர் சிரித்துவிட்டார். வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். சீருடையாவது கொடு என்றபோது, நனைந்திருக்கிறது, துவைத்துப் போட்டுக்கொண்டு காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மறுநாள் வெள்ளைப் பக்கத்து வாசல் வழியாகவே உள்ளே போனாள். அங்கே பதிவேட்டில் அவள் பேர் இல்லை. அழுக்குப் பக்கப் பதிவேட்டில் பேர் இருந்தது, ஆள் இல்லை. அன்றைக்கு அவளுக்கு ஆப்சென்ட் போட்டார்கள். அடுத்த நாளும் போட்டார்கள்.

விஷயம் வீட்டுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் கணவர் அதே ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷ நிரந்தரப் பட்டியலில் அவர் பேர் நாலாவதாக இருந்தது. சாதுவான மனிதர். நோயாளியைத் தள்ளிக்கொண்டு போகும்போது தரையில் மேடு வந்தால், "ஒரு சின்னக் குலுக்கல் வருது, பயப்படாதீங்க" என்று முன்கூட்டியே சொல்வார். மயக்கத்தில் இருக்கிறவர்களிடம்கூடச் சொல்வார். மேனேஜர் அவரை வராந்தாவில் நிறுத்தி, உன் பெண்டாட்டிக்குப் புத்தி சொல்லு, பட்டியல் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று சாயங்காலம் நான் கீழே போயிருந்தேன். சமையலறையில் மாமியார்க்காரி பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். அவளும் அதே அழுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுக்குப் பிறகுதான் அந்த வேலை மருமகளுக்கு வந்தது. வாய்க்கு அஞ்சாதவள். என்னையே, என் ஊர்க்காரத்தனத்தை வைத்துத் தினமும் ஒரு கேலி செய்யாமல் விடமாட்டாள்.

கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, நெட்டை தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் நகர்த்தினாள்.

"ஏம்மா, நாளைக்கு ஒரு நாள் பழைய இடத்துக்குப் போயிடேன். பட்டியல் வந்ததும் என்ன வேணும்னாலும் செய்" என்றார்.

"நாளைக்குப் போனா அப்புறம் எப்பங்க திரும்ப வர்றது? இன்னொரு அதிகாரி வர்றப்பவா?"

"ஒன்பது வருஷம் தள்ளியிருக்கேன். நாலாவது பேரு என்னோடது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் குழம்பை ஊற்றினாள். அவர் கை வைக்கவில்லை. இவ்வளவு நேரம் பேசாதிருந்த மாமியார்க்காரி, அந்தப் பக்கம் என்ன தேனா வடிகிறது, துணிதானே, இங்கே போட்டதுதானே அங்கே வருகிறது என்று ஆரம்பித்தாள். மகனுக்காகப் பேசுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே பேசிக்கொண்டு போனவள், மத்தை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தாள்.

"ஏண்டி, அந்தப் பக்கம் ஜன்னல் இருக்கா?"

"மூணு இருக்கு அத்தை. பெருசு. ஒண்ணுல இருந்து பாத்தா மரம் தெரியுது."

மாமியார்க்காரி மறுபடி பருப்பைக் கடைய ஆரம்பித்தாள். கடைந்து முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இருபத்தைந்து வருஷம் அந்தச் சுவரில் சாய்ந்து மத்தியானச் சோறு தின்றவள். மழையா வெயிலா என்று தெரியாமல் மாலை வெளியே வந்து கண்ணைக் கசக்கியவள். கடைசியில், "நீ போகாத" என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள், எங்கே போகாதே என்கிறாள் என்று கணவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து கை கழுவப் போனார். சாப்பிடாத கையைக் கழுவிக்கொண்டே நின்றார்.

வெள்ளைப் பக்கத்தில் அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். மேஜையில் அவள் நிற்கும் மூலைக்குத் துணி வராது. அவளே போய்த் தொட்டியிலிருந்து அள்ளி வருவாள். டீ வாளி வரும்போது டம்ளர் எண்ணிக்கை பதினாலோடு நிற்கும். வாடை அடிக்கிறது என்று ஒருத்தி காற்றைப் பார்த்துச் சொல்வாள். நெட்டை வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுபோனாள், அதில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். மடித்தாள். சீருடையை இரவு துவைத்துக் காலையில் ஈரத்தோடு போட்டுப் போனாள். இருந்தது ஒன்றுதான்.

ஆறாவது நாள் திங்கட்கிழமை. விடுமுறை கழிந்து துணி மலையாகக் குவிந்திருந்தது. அகலமான விரிப்புகளை உருளைக்குள் விட உயரமான ஆள் வேண்டும். குட்டையானவர்கள் பிடித்தால் நடுப்பகுதி தரையில் புரண்டு மறுபடி அழுக்காகும். இரண்டு விரிப்பு அப்படிப் போனபிறகு ரோலரம்மா இயந்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நெட்டையின் பக்கம் நீட்டினாள்.

"அந்த முனையப் பிடி."

பிடித்தாள். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த விரிப்பு தரையைத் தொடாமல் உருளைக்குள் போயிற்று. சாயங்காலம் வரை இருவரும் எதிரெதிரே நின்று நானூறு விரிப்புக்கு மேல் விட்டார்கள். மேலே, கீழே, விடு என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அன்றைக்கும் டம்ளர் பதினாலுதான். ஆனால் டீ ஊற்றுகிறவள் வாளியை மூடாமல் நெட்டையின் டம்ளருக்காக ஒரு கணம் நின்றாள். வீட்டில் வந்து இதைச் சொன்னபோது, ஒரு வாய் டீக்கு உருகிவிடாதே என்று மாமியார்க்காரி எச்சரித்தாள்.

எட்டாவது நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நெட்டைக்கு ஒரு குறிப்பாணை அடிக்கச் சொன்னார். எட்டு நாள் அனுமதியில்லாமல் வேலைக்கு வராததற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும், தவறினால் வேலை நீக்கம். எட்டு நாளும் அவள் வந்து நின்றதை என் ஜன்னலிலிருந்து நான் பார்த்தவள். பார்த்த கண்ணோடு உட்கார்ந்து, வரவில்லை என்று அடித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை விழுந்தது. திருத்தி மறுபடி அடித்தேன்.

சாயங்காலம் குறிப்பாணை அவர்கள் வீட்டுப் பலகையில் கிடந்தது. கணவர் அதை எடுத்துப் படித்துக்காட்டினார். ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் மெதுவாகப் பேசும் அந்தக் குரலிலேயே படித்தார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பென்சிலால் அடித்தது, எழுதியது, நான் டைப் செய்தது எல்லாவற்றையும். அரசாங்கத்துக்குப் போன காகிதத்தில் நெட்டை வெள்ளைப் பக்கத்து ஆள்தான், மேனேஜர் கையெழுத்தோடு.

நெட்டை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா என்று சொல்ல முடியாத பார்வை.

"அப்போ எட்டு நாளும் உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியும்."

மாமியார்க்காரி, அடித்த கைக்கு ஒரு நகல் எடுத்துவரத் தெரியாதா என்று கேட்டாள். என்னால் முடியாது, என் வேலை போய்விடும் என்றேன். சொல்லும்போதே யாருடைய வீட்டில் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்று உறைத்தது. சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பட்டியலில் பேர் உள்ள யாரும் ஆணையத்துக்குப் போய்த் தன் பேர் வரும் பக்கத்துக்கு நகல் கேட்கலாம். அதைச் சொன்னேன். அந்த விதி இருப்பதே எனக்கு, அதைத் தாங்கி வந்த சுற்றறிக்கையை டைப் செய்ததால்தான் தெரியும். வேறு யாருக்கும் அதைப் படித்துக்காட்டியதில்லை.

மறுநாள் நெட்டையும் மாமியார்க்காரியும் போனார்கள். கணவர் வரவில்லை. காலை ஷிப்ட் என்றார். ஆணையத்தின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறை. மாமியார்க்காரி ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் நின்று, சமவாய்ப்பை இவ்வளவு உயரத்தில் வைத்தால் யாருக்கு எட்டும் என்று மூச்சுவாங்கிக்கொண்டே சொன்னாளாம். மேலே இருந்தது அதே ஒல்லி அம்மாள்தான். மேஜையெல்லாம் கோப்பு. மனுவில் சனம் என்று ஒரு கட்டம். அதில் நெட்டை, வந்தவங்க என்று எழுதாமல், தங்கள் பாஷையில் தங்களைத் தாங்கள் சொல்லிக்கொள்ளும் பேரை எழுதினாள். அதிகாரி எழுத்துக்கூட்டிப் படித்து, சரியாகச் சொல்கிறேனா என்று கேட்டார். மாமியார்க்காரி இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள்.

தன்னால் மேனேஜருக்கு உத்தரவு போட முடியாது என்று அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார். சட்டம் அவ்வளவு அதிகாரம் தரவில்லை. பட்டியல் வாங்கலாம், பார்க்கலாம், நகல் தரலாம். பொய்ப் பட்டியல் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

"அன்னிக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியலியா மேடம்?" என்று நெட்டை கேட்டாள்.

"தெரிஞ்சது. உங்க சீருடையில மடிப்புக் கோடு அப்படியே இருந்துச்சு. நான் பாத்தது நாலு பேர், நாலுன்னு எழுதினேன். பதினோரு இடம் பாத்துட்டேன். எல்லா இடத்துலயும் நாலு பேர் புதுச் சீருடையில நிக்கறாங்க. மறுநாள் இருக்கறதில்ல." நகலில் முத்திரை குத்திக்கொண்டே சொன்னார். "மறுநாளும் நின்னது நீங்க ஒருத்தர்தான்."

மூன்றாம் நாள் விளக்கம் கேட்க நெட்டையை அறைக்குக் கூப்பிட்டார்கள். எழுதிக்கொள்ள நான் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தேன். கணவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவரை வைத்து அவளை மடக்கலாம் என்பது மேனேஜரின் கணக்கு. அவர் ஸ்ட்ரெச்சரை வெளியே சுவரோரம் நிறுத்திவிட்டு வந்து மனைவிக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

மேனேஜர் குறிப்பாணையைப் படித்தார். விளக்கம் எங்கே என்றார். நெட்டை மடித்து வைத்திருந்த நகலை மேஜைமேல் விரித்தாள். விரிப்பு மடிக்கிற கை. ஓரம் ஓரமாக நீவி வைத்தாள்.

"நான் வெள்ளைப் பக்கத்து ஆளு. நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. எட்டு நாளும் என் இடத்துல நின்னேன். இது பொய்னு நீங்க எழுதிக் குடுங்க, நான் அழுக்குப் பக்கம் போயிடறேன்."

மேனேஜர் காகிதத்தைப் பார்த்தார். கீழே இருந்த தன் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இது டைப்பிஸ்ட் செய்த தப்பு என்றார்.

 நான் சொன்னேன். பென்சில் திருத்தத்தோடு அவர் கொடுத்த காகிதம் கோப்பில் இருக்கிறது என்று. குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

அவர் என்னை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தரம் வரும் நேரத்தில் இப்படியெல்லாம் செய்தால் மேலிடத்தில் என்ன நினைப்பார்கள், யோசித்துப் பார் என்று மிக அன்பாகச் சொன்னார்.  நெட்டை கணவரின் பக்கம் திரும்பவில்லை. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன் என்பதுபோல் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிரந்தரப் பட்டியலையும் ஆணையத்துக்கு அனுப்பணுமில்ல சார்?" என்றார் கணவர்.

மேனேஜர் குறிப்பாணையை எடுத்து மடித்தார்.

"எந்தச் சனம், எத்தனை பேருன்னு அதுலயும் எழுதணும். நாலாவதா இருந்த என் பேரு இல்லன்னா, ஏன் இல்லன்னும் எழுதணும். ஒரு சின்னக் குலுக்கல் வரும் சார். முன்னாடியே சொல்லிடறேன்."

அவர் வெளியே போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே போன நெட்டை, வராந்தா திரும்பும் இடத்தில் ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைத் தானும் பிடித்துக்கொண்டாள். அதில் ஆள் யாரும் இல்லை.

குறிப்பாணையைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். வெள்ளைப் பக்கப் பதிவேட்டில் பதினைந்தாவதாக அவள் பேர் ஏறியது. கணவரின் பேர் அந்த வருஷப் பட்டியலில் வரவில்லை. நிதி இல்லை என்று காரணம் காட்டி, பட்டியலையே மூன்றாவது பேரோடு நிறுத்திவிட்டார்கள். அவர் ஆணையத்துக்கு மனு போட்டார். அது இன்னும் நடக்கிறது என்று பிறகு வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னை மருந்துக் கிடங்குக்கு மாற்றினார்கள். வெளிச்சம் குறைந்த இடம். மாமியார்க்காரி கேள்விப்பட்டு, நீயும் இப்போது வந்தவதான் என்று எனக்கு ஒரு முட்டை அதிகம் வைத்தாள்.

ஆறு மாதத்தில் அதிகாரி மறுபடி வருவதாகக் கடிதம் வந்தது. மேனேஜர் அழுக்குப் பக்கத்துக்குப் போய், ஒரு நாளைக்கு மட்டும் அந்தப் பக்கம் நிற்க மூன்று பேர் வேண்டும் என்று கேட்டார். பத்துக் கையும் மேலே போயிற்று. முதல் தடவை சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய மூன்று பேருடைய கையும் அதில் இருந்தது.  யாரும் கையை இறக்கவில்லை. உள்ளே விட்டால் ஒருத்தியும் திரும்பமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. விடாவிட்டால் பட்டியல் பொய்யாகும். இரண்டு வாரம் கழித்துச் சுவரின் இரண்டு பக்கமும் ஒரே அறிவிப்பு ஒட்டினார்கள். இனி எல்லாருக்கும் முறை. இருபத்தைந்து பேரும் மாறி மாறி, இரண்டு வாரம் இந்தப் பக்கம், இரண்டு வாரம் அந்தப் பக்கம்.

வெள்ளைப் பக்கத்தில் அழுகையும் கூச்சலுமாக ஒரு வாரம் போயிற்று. இரண்டு பேர் வேலையை விட்டார்கள். பிறகு முதல் முறைப்படி நெட்டையும் ரோலரம்மாவும் சேர்ந்து அழுக்குப் பக்கம் போக வேண்டி வந்தது. அந்த முறையை நெட்டை மறுக்கவில்லை. எல்லாருக்கும் என்றால் எனக்கும்தான் என்று பழைய வாசல் வழியாக உள்ளே போனாள். ரோலரம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவள், ஒருவழியாக வந்து முதல் பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தாள்.

"அணைக்காதீங்கக்கா. தள்ளிப் பிடிங்க. துணியை நடுவுல அள்ளாதீங்க, ஓரத்தைப் பிடிச்சு விரிங்க. ஊசி நடுவுலதான் கிடக்கும்."

ரோலரம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

"யாரும் சொல்லல. குத்துச்சு, தெரிஞ்சுக்கிட்டோம்."

அன்று மத்தியானமே ரோலரம்மா மேனேஜர் அறைக்குப் போனாள். இந்தக் கிழிசல் கையுறையோடு ஊசிக்குள் கைவிட முடியாது, கெட்டிக் கையுறை வந்தால்தான் வேலை என்று கத்திவிட்டு வந்தாள். இரண்டே நாளில் வந்தது. முழங்கை வரை வரும் தடித்த கையுறை, ஆளுக்கு இரண்டு ஜோடி, பெட்டி பெட்டியாக. எங்கள் கிடங்கு வழியாகத்தான் போயிற்று, நான்தான் வரவு வைத்தேன். அதே கையுறை கேட்டு அழுக்குப் பக்கத்துப் பெண்கள் ஒன்பது வருஷத்தில் ஏழு மனு கொடுத்திருந்தார்கள்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். நெட்டை கையுறையைப் போட்டுப் பார்த்தாள், விரல்களை மடக்கி நீட்டினாள், கழற்றினாள். அன்று சாயங்காலம் அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக மாடிக்கு வந்தாள். கணவரும் பின்னாலேயே வந்து வாசல்நிலையில் சாய்ந்துகொண்டார். நாற்காலியை இழுத்துப்போட்டு என் பழைய டைப் மெஷினுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆணையத்துக்கு ஒரு மனு அடிக்கணும். நான் சொல்லச் சொல்ல அடிங்க. ஒரு சொல்லு மாத்தக் கூடாது."

காகிதத்தைச் செருகினேன்.

"ரெண்டு நாள்ல வர்ற கையுறை, ஒன்பது வருஷமா எங்க இருந்துச்சு?"

அதையே முதல் வரியாக அடித்தேன்.